அப்பத்தாவுக்கு ஏன் குளிர் தெரிவதில்லை?

மார்கழி, தை மாதத்தில் நம்ம நீலகிரியில் உறைபனி விழும். காலையில் புல் எல்லாம் உப்புக் கொட்டினது போல் வெள்ளையாகக் கிடக்கும். நமக்குப் பல் தந்தியடிக்கும். அப்பத்தாவைக் கேட்டால், "எனக்கொண்ணும் குளிரலை கண்ணு" என்று சொல்லும். அது பொய் இல்லை. அதுதான் பயம்.

நம் உடல் வெப்பம் சுமார் 37 டிகிரி செல்சியஸ். குளிர் பட்டதும் தோலில் உள்ள ரத்தக் குழாய்கள் சுருங்கி, வெப்பம் வெளியேறுவதைக் குறைக்கும். தசைகள் நடுங்கி வெப்பம் உண்டாக்கும். வயதானால் இரண்டும் மந்தமாகும். குளிரை உணர்வதும் குறையும். உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் பேச்சு குழறும், தூக்கமாகவே இருக்கும், கடைசியில் நடுக்கமும் நின்றுவிடும். நடுக்கம் நின்னா குளிர் விட்டுருச்சுன்னு நினைக்கக் கூடாது. உடனே 108-க்குப் போன் பண்ணணும். பிராந்தி கொடுக்கவே கூடாது. சூடு ஏறுவது போல் தெரியும். ஆனால் தோல் வழியாக வெப்பம் இன்னும் வெளியே போகும்.

கம்பளி சூடு தருவதில்லை, இருக்கிற சூட்டைக் காக்கிறது. காற்று அரிதிற்கடத்தி என்று படித்தோமே! அதனால் தடியான ஒரு ஸ்வெட்டரை விட, மெல்லிசாக இரண்டு போட்டால் நடுவில் காற்று நிற்கும். சிமெண்டுத் தரை அடியிலிருந்தே சூட்டை இழுக்கும். மேலே எத்தனை போர்த்தினாலும், பாய்க்குக் கீழே சாக்கோ அட்டையோ போடணும்.

முக்கியமானது கரிச்சட்டி. ராத்திரி அதை உள்ளே வைத்து, கதவு சன்னலை அடைத்துத் தூங்குகிறார்கள். எங்க அப்பாவும் "புகைதான் இல்லையே" என்றார். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல் ஹீமோகுளோபினோடு ஒட்டிக்கொள்ளும். தூக்கத்திலேயே உயிர் போகும். 2024-ல் கொடைக்கானலில் அறைக்குள் கரி அடுப்பு வைத்துத் தூங்கிய இரண்டு பேர் அப்படித்தான் இறந்தார்கள்.

இப்போ எங்க வீட்டில் கதவைத் திறந்து வெச்சுத்தான் குளிர் காய்கிறோம். படுக்கும் முன்னே கரிச்சட்டி வாசலுக்குப் போயிடும். அப்பத்தா திட்டுது. பதிலுக்குச் சுடுதண்ணீர்ப் பையைத் துண்டில் சுற்றிக் கால்மாட்டில் வைக்கிறோம். துண்டு இல்லாமல் வைத்தால், வயசானவங்க தோல் மெல்லிசு, வெந்தாலும் சீக்கிரம் தெரியாது.