டிக் டிக் என்னும் ஹார்ட் டிஸ்க்

கேள்வி: கல்யாணப் போட்டோக்கள் உள்ள பழைய ஹார்ட் டிஸ்க் 'டிக் டிக்' என்கிறது, திறக்க மறுக்கிறது. ஃப்ரீசரில் வைத்தால் உயிர் வருமாமே?

பதில்: வேண்டவே வேண்டாம். வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் கோத்துத் தகட்டையே பாழாக்கிவிடும். கேபிளையும் யூ.எஸ்.பி. போர்ட்டையும் ஒரே ஒருமுறை மாற்றிப் பாருங்கள். மின்சாரம் போதாவிட்டாலும் இந்தச் சத்தம் வரும். அப்போதும் தொடர்ந்தால் உடனே கழற்றிவிடுங்கள். நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும் தகட்டின் மேல், சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கும், தரவைப் படிக்கும் முனை தடுமாறுகிறது என்று அர்த்தம். மறுபடி மறுபடி இயக்கினால் அது தகட்டைச் சுரண்டும், போட்டோக்கள் அதோடு போய்விடும். மூடியையும் தொடாதீர்கள். தூசியற்ற அறை உள்ள டேட்டா மீட்பு நிலையம்தான் வழி, செலவு கூடுதல்தான். சத்தமின்றி மெதுவாகப் படிக்கிற டிஸ்க்காக இருந்தால் மட்டும், லினக்ஸில் 'டிடிரெஸ்க்யூ' என்னும் மென்பொருள் கொண்டு முழுவதையும் வேறு டிஸ்க்கில் நகலெடுத்து, நகலில் தேடுங்கள்.