சம்பளம் எவ்வளவு என்பது இரண்டாவது கேள்வி

நம் மருங்காபுரி திருச்சி மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் இது காவிரித் தண்ணீர் எட்டாத மேட்டுப் பூமி. ஸ்ரீரங்கத்துக்கும் லால்குடிக்கும் நெல்லும் வாழையும் கொடுத்த பிழைப்பை நமக்கு அவை கொடுக்கவில்லை. வானம் பார்த்த காடு, கொஞ்சம் கடலை, கொஞ்சம் சோளம், நாலு ஆடு, ரெண்டு மாடு, வெளியூரில் வேலை பார்க்கும் ஒருத்தர் என்று பல பக்கத்திலிருந்து சேர்ந்துதான் இங்கே ஒரு வீட்டு வருமானம் உருவாகும். அதனால் படிப்பை முடித்த கையோடு “எந்த வேலைக்குப் போகட்டும் அக்கா?” என்று நீ கேட்டால், ஒரே வரியில் பதில் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

எல்லாரும் முதலில் சம்பளத்தைக் கேட்கிறார்கள். கேட்க வேண்டியதுதான், வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் இதைக் கேள், தங்கச்சி: ஒரு வருஷம் கழித்து இந்த வேலையை விட்டால் என் கையில் என்ன மிஞ்சும்? ஒரு தொழில் மிஞ்சலாம், ஒரு சான்றிதழ் மிஞ்சலாம், என் பெயர் சொல்லித் தேடி வரும் நாலு பேர் மிஞ்சலாம், பி.எஃப். பணம் மிஞ்சலாம். எதுவுமே மிஞ்சாத வேலை என்றால் சம்பளம் ஆயிரம் இரண்டாயிரம் கூட இருந்தாலும் யோசி. மனநிறைவு என்கிறார்களே, அதுவும் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. போன வருஷத்தைவிட இந்த வருஷம் என் கை தேர்ந்திருக்கிறது என்று தெரிந்தவளுக்குக் காலையில் வேலைக்குக் கிளம்பக் கசக்காது.

மில் வேலைக்குப் போவதென்றால்

திண்டுக்கல், திருப்பூர், கோவை நூல் மில்களிலிருந்து நம் ஊர்களுக்கு ஆள் பிடிக்க வருவார்கள். ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் ஒரு காலத்தில் நடந்ததை உன் அம்மாவிடம் கேட்டால் சொல்வார். மூன்று வருஷம் விடுதியில் தங்கி வேலை பார்த்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் தருகிறோம் என்று கூட்டிப் போனார்கள். நடுவில் உடம்பு முடியாமல் திரும்பிய பெண்கள் பலருக்கு அந்தப் பணம் கிடைக்கவில்லை. இன்றைக்கு அதே பேச்சு வேறு பெயரில் வந்தாலும் வேண்டாம் என்று சொல். சம்பளம் மாதாமாதம் உன் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு வர வேண்டும், அண்ணன் கணக்குக்கோ ஏஜென்ட் கணக்குக்கோ போகக் கூடாது.

பணி நியமனக் கடிதம் கேள். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. பி.எஃப். பிடித்தால் உன் கணக்குக்கான யு.ஏ.என். நம்பரை வாங்கி உன் போனிலேயே பதிவு செய்துகொள். உன் பங்கு 12 சதவீதம் பிடிக்கிறார்கள் என்றால் முதலாளி பங்கும் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இரு. வேலை மாறும்போது அந்தப் பணத்தை உடனே எடுத்துச் செலவழிக்காதே, அதே நம்பரில் தொடரவிடு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருப்பவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. உன் பங்கு வெறும் 0.75 சதவீதம்தான். அதில் மருத்துவமும், உடம்பு சரியில்லாத நாட்களுக்கு ஒரு பகுதிச் சம்பளமும், பிரசவத்துக்கு 26 வாரச் சம்பளமும் அடங்கும். “பி.எஃப்., இ.எஸ்.ஐ. வேண்டாம், அந்தப் பணத்தையும் கையில் தருகிறோம்” என்று சொல்கிற இடத்துக்குப் போகாதே.

புத்தாநத்தம் பக்கத்தில்தானே இருக்கிறது

ஊரை விட்டுப் போக வீட்டில் சம்மதிக்காவிட்டால் புத்தாநத்தத்தில் ரெடிமேட் துணி தைக்கும் வேலை இருக்கிறது. பீஸ் ரேட்டில் தைத்தால் வாரக் கூலி வரும். ஆனால் பல பெண்கள் பத்து வருஷமாக ஒரே தையலைப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கை மூட்டும் பள்ளிச் சீருடைக் காலரும்தான் அவர்களுக்குத் தெரிந்த தொழில். நீ அப்படி இருந்துவிடாதே. முதல் ஆறு மாதம் வேகத்தைப் பிடி. அதன் பிறகு ஓவர்லாக் கற்றுக்கொள், பிறகு காஜா, பிறகு எப்படியாவது கட்டிங் மேசைக்குப் பக்கத்தில் போய் நில். துணியை அளந்து வெட்டத் தெரிந்தவருக்குத்தான் இந்தத் தொழிலில் மரியாதை. பிறகு வீட்டில் ஒரு மெஷின் போட்டு ஊர்ப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்தாலும் அந்தக் கட்டிங்தான் உனக்குச் சோறு போடும். சீசன் இல்லாத மாதங்களில் ஆர்டர் குறையும் என்பதையும் முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்.

முறுக்கைப் பற்றிக் கொஞ்சம் அதிகம் பேசுகிறேன்

மணப்பாறை முறுக்குக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ரயில் நிலையத்தில் கூவி விற்ற ஒரு தின்பண்டம் ஊரின் பெயரை நாடு முழுக்கக் கொண்டுபோயிருக்கிறது. அந்த ஊர்த் தண்ணீரில் இயல்பாக இருக்கும் லேசான உப்புக்கரிப்புதான் ருசிக்குக் காரணம் என்று செய்கிறவர்கள் சொல்வார்கள். அரிசி மாவு, ஓமம், சீரகம், எள் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. மாவின் பதமும் எண்ணெயின் சூடும் கைக்குத் தெரிய வேண்டும், அது தெரிய நாளாகும்.

ஆசை இருந்தால் நேராக அடுப்பு போடாதே. முதலில் ஒரு முறுக்குக் கடையில் கூலிக்கு நில். மாவு பிசைவதிலிருந்து பாக்கெட் ஒட்டுவது வரை எல்லாம் செய். எந்தக் கடைக்காரர் எப்போது சரக்கு எடுக்கிறார், எவ்வளவு கடன் சொல்கிறார், பண்டிகைக்கு எவ்வளவு கூடுகிறது என்று கவனி. தொழிலின் பாதி அங்கேதான் இருக்கிறது.

பிறகு சொந்தமாகச் செய்யும்போது அடக்க விலை எழுத ஒரு நோட்டு போடு. மாவு, எண்ணெய், சிலிண்டர், கவர், பஸ் செலவு, உடைந்த முறுக்கு எல்லாம் எழுது. அதோடு உன் கூலியையும் எழுது. அதைத்தான் நம் வீட்டுப் பெண்கள் எழுதவே மாட்டேன் என்கிறார்கள். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து அடுப்பில் நின்ற உழைப்பை இலவசமாகப் போட்டுவிட்டு, “லாபம் வருது அக்கா” என்கிறார்கள். வேறு ஒரு கடையில் நின்றால் உனக்கு என்ன கூலி கிடைக்குமோ அதை முதலில் கழி. மீதி இருந்தால்தான் லாபம்.

சிறிய அளவில் செய்கிறவர்களுக்கு உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்தான் கட்டணம். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம். இவற்றுக்கு ஆயிரக்கணக்கில் கேட்கும் புரோக்கரை வாசலோடு அனுப்பிவிடு. ‘மணப்பாறை முறுக்கு’ என்ற பெயரைப் பாக்கெட்டில் போடுவதற்கு முன், உன் ஊர் அந்தக் குறியீட்டின் எல்லைக்குள் வருகிறதா, அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளராக நீ பதிவு செய்ய முடியுமா என்று கேட்டுக்கொள். இல்லையென்றால் உன் சொந்தப் பெயரையே போடு. நாளைக்கு உன்னைத் தேடி வருபவர்கள் அந்தப் பெயரைச் சொல்லித்தான் வருவார்கள்.

முதலீட்டுக்கு, பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டமான பி.எம்.இ.ஜி.பி.யில் கிராமத்துப் பெண்களுக்கு 35 சதவீத மானியம் உண்டு, உன் பங்கு 5 சதவீதம் போதும். ஆனால் மானியம் கையில் வந்துவிடாது. மூன்று வருஷம் வங்கியிலேயே நிற்கும், தொழில் ஒழுங்காக நடந்தால் கடனில் கழியும். மானியத்துக்காகத் தொழில் தொடங்கியவர்கள் நிறையப் பேர் கடனோடு நிற்கிறார்கள். அதற்கு விண்ணப்பிக்க மாவட்டத் தொழில் மையத்துக்குப் போகும்போது ஆறு மாதக் கணக்கு நோட்டோடு போ. வங்கி மேலாளர் அதைத்தான் பார்ப்பார்.

கற்றுக்கொள்ள இடம் இல்லையென்று சொல்லாதே. மாவட்டத்துக்கு ஒரு ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. வங்கிதான் நடத்துகிறது. பயிற்சி, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் இலவசம். 1982-இல் கர்நாடகத்தின் உஜிரேயில் இரண்டு வங்கிகளும் தர்மஸ்தலாவும் சேர்ந்து தொடங்கிய முயற்சியைப் பார்த்துத்தான் நாடு முழுக்க இவை வந்தன.

மாடு

மணப்பாறைச் சந்தையில் மாடு வாங்கி வந்து கட்டிவிட்டால் பால் பணம் வந்துவிடும் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. 2023 டிசம்பரில் லிட்டருக்கு 3 ரூபாய் கூட்டிய பிறகு ஆவின் பசும்பாலுக்கு 38 ரூபாய் கொடுத்தது. எட்டு லிட்டர் கறந்தால் ஒரு நாளைக்கு 304 ரூபாய். தீவனம் அதில் பாதிக்கு மேல் தின்னும். வருஷத்தில் சுமார் இரண்டு மாதம் மடி வற்றி நிற்கும், அப்போதும் தீனி போட வேண்டும். ஆகவே ஒரே சமயத்தில் ஈனும் இரண்டு மாடு வாங்காதே. ஒன்று ஈன்று நாலைந்து மாதம் கழித்து மற்றது ஈனும்படி பார்த்து வாங்கினால் வீட்டுக்குப் பால் பணம் நிற்காது. மாட்டுக்கு முன்னால் பசுந்தீவனம் நடு. கிணற்றில் சித்திரை, வைகாசியில் தண்ணீர் நிற்காவிட்டால் மாட்டை விட்டுவிட்டு ஆட்டுக்குப் போ, மேட்டுக்காட்டுக்கு அது பொருந்தும். சிறுகமணி வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டால் உன் மண்ணுக்கு ஏற்ற தீவனத்தைச் சொல்வார்கள்.

துவாக்குடிப் பக்கம்

தம்பிகளுக்கு மட்டும் என்று நினைத்து இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதே. ஐ.டி.ஐ.யில் வெல்டர், ஃபிட்டர் படித்த பெண்களும் இப்போது வருகிறார்கள். பெல் நிறுவனம் 1965-இல் திருச்சிக்கு வந்தது. அதை ஒட்டித் திருவெறும்பூர், துவாக்குடி வட்டாரத்தில் நூற்றுக்கணக்கான பட்டறைகள் வளர்ந்தன. ஐ.டி.ஐ. முடித்ததும் கிடைக்கிற பட்டறையில் சேராமல் பெல்லிலோ பொன்மலை ரயில்வே பணிமனையிலோ தொழிற்பழகுநராகச் சேர முயற்சி செய். உதவித்தொகை குறைவுதான். ஆனால் ரயில்வேயின் லெவல் 1 பணிகளில் 20 சதவீத இடம் ரயில்வேயிலேயே தொழிற்பழகுநர் முடித்தவர்களுக்கு ஒதுக்கப்படுகிறது. வெல்டிங் என்றால் 6ஜி நிலையில் பைப் பற்றவைக்கத் தெரிந்து, பாய்லர் வேலைக்கான சான்றும் வாங்கிவிட்டால், திருச்சியில் வேலை குறைந்தாலும் குஜராத்தில் கூப்பிடுவார்கள்.

வேலை குறைவது கற்பனை இல்லை. பெல் ஆர்டர் வற்றிய ஆண்டுகளில் அதை மட்டுமே நம்பிய பட்டறைகள் மூடப்பட்டன, நல்ல கைகாரர்கள் வேறு வேலைக்குப் போனார்கள். சொந்தப் பட்டறை வைக்கும் நாள் வந்தால் ஒரே வாடிக்கையாளரை நம்பி வைக்காதே. முறுக்குக்கும் பாலுக்கும் தையலுக்கும் இதையேதான் சொல்வேன்.

அரசுத் தேர்வு

2024 குரூப் 4 அறிவிப்பில் 6,244 இடம். விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். இடங்களைப் பின்னர் கூட்டினார்கள், அப்படியும் பெரும்பாலோர் வெளியேதான். படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவசமாகவே பயிற்சி கிடைக்கும். ஆனால் வீட்டில் உட்கார்ந்து படிக்கிறேன் என்று நாலைந்து வருஷத்தைக் கொடுத்துவிடாதே. இரண்டு முயற்சி வரைக்கும் முழுமூச்சாகப் படி. அதற்கு மேல் என்றால் ஒரு வேலையில் இருந்துகொண்டு படி.

வெளிநாடு

மலேசியா, சிங்கப்பூர், வளைகுடா என்று கிளம்புகிற தம்பிகள் ஒன்றைக் கவனியுங்கள். பதிவு பெற்ற முகவர் உங்களிடம் சட்டப்படி வாங்கக்கூடியது அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். லட்சக்கணக்கில் கேட்டால் அங்கேயே நில்லுங்கள். இ-மைக்ரேட் தளத்தில் முகவரின் உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்பவன் பேச்சைக் கேட்காதீர்கள். ஒப்பந்தத்தின் ஒரு நகல் அம்மாவிடம் இருக்கட்டும்.

வாரக் கடன்

எந்தத் தொழில் தொடங்கினாலும் நுண்கடன் நிறுவனத்தின் வாரத் தவணையில் தொடங்காதே. முறுக்குப் பணம் கடைக்காரரிடமிருந்து வர இருபது நாளாகும், தவணைக்காரர் ஏழாம் நாள் வாசலில் நிற்பார். எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து வீட்டு மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது 2022-இல் வந்த ரிசர்வ் வங்கி விதி. மகளிர் சுய உதவிக் குழு வழியாக வங்கியில் வாங்கினால் வட்டியும் குறைவு, 10 லட்சம் வரை குழுவுக்கு அடமானமும் கேட்க மாட்டார்கள்.

பிடித்த வேலை பணம் தராவிட்டால்

2021-இல் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியபோது நம் ஊர்ப் பெண்கள் பலர் சாயங்காலம் தெருப் பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் சொன்னார்கள். மாதம் 1,000 ரூபாய்தான் ஊக்கத்தொகை. அதை வைத்து யாரும் குடும்பம் நடத்தவில்லை. ஆனாலும், எழுத்துக் கூட்டத் திணறிய ஒரு பிள்ளை சரளமாக வாசிக்க ஆரம்பித்ததைச் சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு வேலை உனக்கும் இருந்தால் அதை விடாதே. முதல் வருஷமே அது குடும்பத்துக்குச் சோறு போட வேண்டும் என்று அதன் தலையில் பாரத்தை ஏற்றவும் வேண்டாம். பகலில் தையலோ மாடோ வீட்டைப் பார்த்துக்கொள்ளட்டும், சாயங்காலம் இரண்டு மணி நேரத்தைப் பிள்ளைகளுக்குக் கொடு. ஆறு மாதம் கழித்தும் அந்த இரண்டு மணி நேரத்துக்காகவே நீ காத்திருந்தால், ஆசிரியர் வேலைதான் உனக்கு என்று முடிவு செய்யலாம். பி.எட். இரண்டு வருஷப் படிப்பு, அதற்கு மேல் டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வும் எழுத வேண்டும். அந்த இரண்டு வருஷமும் வீட்டுக்கு எந்தப் பக்கத்திலிருந்து எவ்வளவு வரும் என்று அம்மா அப்பாவோடு உட்கார்ந்து மாதவாரியாக எழுது. அதை எழுதி முடித்த பிறகு விண்ணப்பம் போடு.