அலாய் வீலில் ஆசிட் பட்டால்

ஒட்டன்சத்திரம் சந்தைக்கும் மதுரைக்கும் கொள்முதலுக்குக் காரிலேயே போய் வரும் உறுப்பினர்கள் இன்று நம்மில் நிறையப் பேர். வண்டியில் அலாய் வீல் இருந்தால் அதைப் பளபளப்பாக வைத்துக்கொள்ள ஆசை வருவது இயல்பே. ஆனால் அந்த வீல்களைக் கெடுப்பது பெரும்பாலும் சாலையோ கல்லோ அல்ல; நம் கடை அலமாரியில் இருக்கும் பாட்டில்தான்.

திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. தோல் பதனிடும் கழிவு சில பகுதிகளில் அதை மேலும் கெடுத்தது நமக்குத் தெரிந்த கதை. அந்தத் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டால் வீலில் வெள்ளைத் திட்டு விழும். பிரேக்கிலிருந்து உதிரும் இரும்புத் தூளும் சேர்ந்து பழுப்பேறும். சோப்புக்கு அசையாது. உடனே டிரைவர் பையன் பாத்ரூம் ஆசிட்டை ஊற்றித் தேய்க்கிறான். ஐந்து நிமிடம் கண்ணாடி போல இருக்கும். மறுநாள் பார்த்தால் வீல் சாம்பல் பூத்திருக்கும்.

அலாய் வீல் என்பது பெரும்பகுதி அலுமினியம். அதன் மேல் இயற்கையாகவே மெல்லிய காப்புப் படலம் உண்டு. அதற்கும் மேலே கம்பெனிக்காரர் லாக்கரோ பெயின்டோ அடித்திருப்பார். ஹைட்ரோகுளோரிக் ஆசிட் இந்தப் படலத்தைக் கரைத்துவிடும். காஸ்டிக் சோடாவும் அப்படியே. காரம் இரும்பை அவ்வளவாகத் தின்பதில்லை. அலுமினியத்துக்கோ புளிப்பும் ஆகாது, காரமும் ஆகாது. அலுமினியச் சட்டியில் ஆப்ப சோடா போட்டுக் கொதிக்க வைத்தால் உள்ளே கறுத்துவிடுவதை வீட்டில் கேட்டால் சொல்வார்கள்.

ஆசிட் பட்டுவிட்டால் முதல் வேலை தண்ணீர். வீல் ஆறியிருக்க வேண்டும். கையுறை போட்டு, வீலைக் கழற்றி, உட்புறமும் நட்டுக் குழிகளும் சேர்த்து நிறையத் தண்ணீர் விட்டு அலச வேண்டும். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி ஆப்ப சோடா கரைத்துத் தடவி, ஊறவிடாமல் உடனே அலசித் துணியால் துடைக்க வேண்டும். பட்டது காஸ்டிக் என்றால் சோடா வேண்டாம்; தண்ணீரிலேயே நன்றாக அலசினால் போதும். பிளீச்சிங் பவுடர் பக்கத்திலேயே வரக் கூடாது. ஆசிட்டோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். வீலை விட மூச்சு பெரிது.

அடுத்து லாக்கர் மிச்சமிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெள்ளைத் துணியில் மெட்டல் பாலிஷ் தொட்டுத் தேய்த்தால், துணி கறுத்தால் வெறும் அலுமினியம். கறுக்காவிட்டால் லாக்கர் இருக்கிறது. லாக்கர் இருந்து லேசாக மங்கியிருந்தால் கார் பாடிக்குப் போடும் பாலிஷே போதும். லாக்கர் போய்விட்டால் மேல்பூச்சுப் பாலிஷ் நிற்காது. பட்டறையில் பழைய லாக்கரை முழுவதும் எடுத்து, 400 நம்பர் வாட்டர் பேப்பரில் தொடங்கி 800, 1500 என்று நனைத்துத் தேய்த்து, பாலிஷ் போட்டு, மறுபடி லாக்கர் அடிக்க வேண்டும். பூட்டுத் தொழில் செய்த ஊர் என்பதால் இங்கே பஃபிங் தெரிந்த கைகள் உண்டு. ஆனால் இரும்புக்கும் பித்தளைக்கும் ஓடிய பஃபிங் துணியை இதில் வைக்க விடாதீர்கள், அந்தத் துகள் ஒட்டி மறுபடி கறை வரும். முகப்பைக் கடைந்து மினுக்கிய வகை வீலைக் கையால் தேய்த்தால் அந்தக் கோடு அழிந்துவிடும்; அதற்கு லேத் வேண்டும், கடையும் ஒவ்வொரு முறையும் உலோகம் குறையும்.

டயர் பொருந்தும் விளிம்பில் குழி விழுந்தால் ட்யூப்லெஸ் டயரில் காற்று நிற்காது. பட்டி வைத்து மூடுவது கண்ணுக்கு மட்டுமே. விரிசல் கண்டால் வெல்டிங் பேச்சே வேண்டாம், வீலை மாற்றிவிடுங்கள்.

கவுன்டரில் நிற்பவருக்கும் ஒரு வார்த்தை. 'எதற்கு வேண்டுமானாலும் போடலாம்' என்று நம் வாயால் சொல்லி விற்பது ஆபத்து. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தயாரிப்பாளர் தராத உத்தரவாதத்தை விற்பவர் தானே தந்து, அதனால் சேதம் வந்தால் விற்றவரும் பொறுப்பாளி ஆகலாம். லேபிளில் என்ன தளம் எழுதியிருக்கிறதோ அதை மட்டும் சொல்லுங்கள். ஆசிட் சில்லறையாக விற்பவர்கள், 2013-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டபடி, வாங்குபவரின் பெயர், முகவரி, அளவு, காரணம் எழுதும் பதிவேடு வைத்து, அடையாள அட்டை பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். 18 வயதுக்குக் கீழே கூடவே கூடாது. வீல் கழுவ வேண்டும் என்று கேட்டு வருபவருக்குக் கார் ஷாம்பூவும் மென்மையான பிரஷும் எடுத்துக் கொடுங்கள். கடைசி அலசலுக்கு நல்ல தண்ணீர் ஒரு வாளி, வெயில் படுமுன் துடைக்க ஒரு பழைய பருத்தித் துணி. இவை அவர் வீட்டிலேயே இருக்கும்.