மாட்டுக்கு ஆகும், குதிரைக்கு ஆகாது

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தைக்கு மாடும் வரும், குதிரையும் வரும். மார்வாரி, கத்தியவாரி இனக் குதிரைகளை வாங்க வருகிறவர்களில் பலர் வீட்டில் ஏற்கெனவே மாடு கட்டியிருப்பவர்கள். பல்லைப் பிடித்து வயது பார்ப்பார்கள், நடக்கவிட்டுப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள். பல்லும் நடையும் பார்க்க வேண்டியவைதான். சுழி என்பது மயிர் முளைத்த திசை, அவ்வளவுதான். வாங்கி வந்ததும் குதிரையை மாட்டுக்குப் பக்கத்தில் கட்டி, மாட்டுக்குச் செய்வதையே அதற்கும் செய்கிறார்கள். வம்பு அங்கேதான் ஆரம்பம்.

“மாடு திங்கிற புல்லுதானே, குதிரைய என்ன பண்ணப்போகுது?”

கொங்குப் பகுதியின் மேய்ச்சல் நிலங்களான கொறங்காடுகளில் விளையும் கொழுக்கட்டைப்புல் காங்கேயம் மாட்டை வளர்த்த புல். அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அதில் ஆக்சலேட் என்ற உப்பு இருக்கிறது. தோட்டத்தில் போடும் கம்பு நேப்பியரிலும் இருக்கிறது. புல்லில் உள்ள சுண்ணாம்புச் சத்தை அது பிடித்துவைத்துக்கொள்ளும். மாட்டின் முதல் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டை உடைத்துச் சுண்ணாம்பை விடுவித்துவிடும். குதிரைக்கும் அப்படிப்பட்ட நுண்ணுயிர்கள் உண்டு, ஆனால் அவை பெருங்குடலில் இருக்கின்றன. சுண்ணாம்பு உடம்பில் சேருவதோ அதற்கு முந்தைய சிறுகுடலில். அங்கே ஆக்சலேட்டை உடைக்க ஆளில்லை.

இதே புல்லை வளர்த்த ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், 1970களில் மேய்ச்சல் குதிரைகளுக்கு வந்த எலும்பு நோயை ஆராய்ந்தபோதுதான் இது தெளிவானது. வெளியிலிருந்து சுண்ணாம்பு வராதபோது உடம்பு தன் எலும்பையே கரைத்து எடுத்துக்கொள்கிறது. கரைந்த இடத்தில் நார்த்திசு வளர்கிறது. சில மாதங்களில் முக எலும்பும் தாடையும் இரண்டு பக்கமும் புடைக்கும், பல் ஆடும். அதற்கு வெகு முன்னாலேயே குதிரை காலை மாற்றி மாற்றி நொண்டும்; பழி லாடம் அடித்தவர் தலையில் விழும். ரத்தப் பரிசோதனையையும் முழுதாக நம்ப முடியாது. எலும்பைக் கரைத்தாவது உடம்பு ரத்தத்தில் சுண்ணாம்பின் அளவைக் காத்துவிடுவதால், முடிவு பெரும்பாலும் சரியாகவே வரும்.

இதற்கு மேல் தவிட்டையும் அள்ளிப்போட்டால் கேட்கவே வேண்டாம். குதிரைக்குச் சுண்ணாம்பு, பாஸ்பரஸைவிடக் குறையாமல் கிடைக்க வேண்டும். அரிசித் தவிட்டில் பாஸ்பரஸ் பத்து மடங்குக்கும் மேல். கொள்ளு நல்ல புரதம், ஆனால் அதுவும் புல்லுக்கு ஈடாகாது. 350 கிலோ எடையுள்ள குதிரைக்கு, ஈரம் போகக் கணக்கிட்டால் நாளுக்கு ஐந்து கிலோவுக்குக் குறையாமல் புல்லோ தட்டையோ உள்ளே போயாக வேண்டும். தீவனத்தில் குதிரைமசாலைச் சேர்ப்பதும், கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் தாது உப்பு கொடுப்பதும் சுண்ணாம்புக் குறையை ஈடுகட்டும்.

“கோழித் தீவனம் மிச்சம் கிடக்குது, வீணாப் போகவா?”

போகட்டும். பிராய்லர் கோழிக்கு ரத்தக் கழிச்சல் வராமலிருக்கத் தீவனத்தில் மொனென்சின், சாலினோமைசின் போன்ற மருந்துகளைக் கலப்பதுண்டு. கோழி தாங்கும், மாடும் ஓரளவு தாங்கும். 400 கிலோ குதிரையைச் சாய்க்க ஏறத்தாழ ஒரு கிராம் மொனென்சின் போதும். அது இதயத் தசையைச் சிதைக்கிறது, மாற்று மருந்து இல்லை. பிழைத்த குதிரைக்கும் இதயம் பழையபடி ஆகாமல் போகலாம். கோழித் தீவனம் அரைத்த எந்திரத்திலேயே குதிரைத் தீவனத்தையும் அரைப்பது ஆபத்து.

“வயித்துவலிக்குக் கசாயம் புகட்டினாச் சரியாயிரும்.”

மாட்டுக்கு மூங்கில் குழாயில் புகட்டிப் பழகிய கை குதிரையிடம் அடங்கியிருக்க வேண்டும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் உள்ள தசை அவ்வளவு இறுக்கமானது. அதன் இரைப்பையும் சிறியது. வலிக்கும்போது அது ஏற்கெனவே காற்றாலும் நீராலும் உப்பியிருக்கலாம். மேலும் ஊற்றினால் வெடிக்கக்கூடும். தலையைத் தூக்கிப் பிடித்து ஊற்றும்போது கசாயம் நுரையீரலுக்குப் போய்விட்டால் அது இன்னொரு கேடு. மருத்துவர் மூக்கு வழியாகக் குழாய் விட்டு முதலில் உள்ளே இருப்பதை வெளியேற்றிப் பார்ப்பார். அவர் வரும்வரை தீவனத்தை எடுத்துவிடுங்கள். புரண்டால் மெதுவாகச் சற்று நேரம் நடத்துங்கள், அமைதியாகப் படுத்திருந்தால் விட்டுவிடுங்கள். மணிக்கணக்கில் ஓட்டுவது வைத்தியமல்ல. நாடியைப் பாருங்கள்: சும்மா நிற்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். 60ஐத் தாண்டினால் நிலைமை மோசம், அந்த எண்ணைத் தொலைபேசியிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

“லாடம் அடிச்ச மாட்டுக்கு ஊசி போடறமா என்ன?”

போடுவதில்லை, மாட்டுக்கு டெட்டனஸ் அவ்வளவு எளிதில் வருவதில்லை. வீட்டு விலங்குகளில் அந்த நஞ்சுக்கு மிக எளிதாக இரையாவது குதிரைதான். குளம்பில் ஏறிய ஓர் ஆணி போதும். காது விறைத்து, கண்ணின் ஓரச்சவ்வு முன்னால் வந்து, கால்கள் மரக்கட்டையாகிவிட்டால் காப்பாற்றுவது கடினம். தடுப்பூசி விலை குறைவு: 4 முதல் 6 வார இடைவெளியில் இரண்டு, பிறகு ஆண்டுக்கு ஒன்று. சினைக் குதிரைக்கு ஈனுவதற்கு 4 முதல் 6 வாரம் முன்பு போட்டால், சீம்பால் வழியாகக் குட்டிக்கும் அந்தப் பாதுகாப்பு போய்ச் சேரும்.