பொதுக் காற்றும் பொது நிதியும்

(அங்கத்தினர் கல்விப் பாடம்)

கூட்டுறவு என்றவுடன் நூலைக் கூடி வாங்குவதும், விளைச்சலைக் கூடி விற்பதும், கடனைக் கூடிப் பெறுவதுமே நம் நினைவிற்கு வருகின்றன. கைக்கு அகப்படும் பண்டத்திற்காக ஒன்று கூடுதல் எளிது. மக்களிடம் ஒரு நல்ல பழக்கத்தைப் பரப்புவதற்காகப் பல ஸ்தாபனங்கள் தம் பணத்தை ஒரே பெட்டியில் இடுவது அத்துணை எளிதன்று. போட்ட பணத்திற்கு ஈடாகச் சேலையையோ மூட்டையையோ காட்ட இயலாது. "நமக்கு என்ன கிடைத்தது?" என்ற வினா எழும், விடை கிட்டாவிடில் அடுத்த ஆண்டு பங்கு வந்து சேராது. அமெரிக்க ஐக்கிய நாட்டில், போக்குவரத்தையும் காற்றின் தூய்மையையும் பற்றிய பிரசாரத்தில், இத்தடையை எவ்வாறு எதிர்கொண்டார்கள் என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

1. காற்றுக்கு வரப்பு இல்லை

அந்நாட்டின் தலைநகராகிய வாஷிங்டன் தனியொரு ஆட்சிப் பகுதி. அதன் மூன்று பக்கங்களில் மேரிலாந்து மாநிலம் சூழ்ந்துள்ளது. பொட்டோமாக் ஆற்றின் அக்கரையில் வர்ஜீனியா மாநிலம் உள்ளது. ஒரு மாநிலத்தில் குடியிருந்து, மற்றொன்றில் வேலை பார்ப்போர் பல்லாயிரவர். அவர்கள் ஓட்டிச் செல்லும் மோட்டார் வண்டிகளின் புகையில் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும், எரிந்து தீராத பெட்ரோல் ஆவியும் கலந்துள்ளன. கோடை வெயிலில் இவை இரண்டும் வினைபுரிந்து ஓசோன் என்னும் வாயுவாகின்றன. வானத்தின் உயரே உள்ள ஓசோன் நமக்குக் கவசமாகும். நிலத்தை ஒட்டித் தேங்கும் ஓசோனோ மூச்சுக்குழலைப் புண்படுத்தும். ஆஸ்துமா நோயுற்ற குழந்தைகளும், முதியோரும், வெயிலில் நின்று உழைப்போரும் அதனால் பெரிதும் துன்புறுவர்.

இப்புகை ஓரிடத்தில் எழுந்து வேறோரிடத்தில் இறங்குகின்றது. ஆகவே ஓர் அரசு மட்டும் செலவு செய்து மக்களின் பழக்கத்தைத் திருத்தினால், அதன் பயன் மற்ற இரண்டிற்கும் போய்ச் சேரும். வாய்க்காலைத் தூர் வாரும் நாளில் மண்வெட்டியோடு வராதவன் வயலுக்கும் நீர் பாய்வதை நம் விவசாய அங்கத்தினர்கள் அறிவார்கள். "அடுத்தவன் வாரட்டும்" என்று ஒவ்வொருவனும் இருந்துவிட்டால் வாய்க்கால் தூர்ந்தே போகும். காற்றின் கதையும் அதுவே.

2. பணம் வந்த வழி

அந்நாட்டில் 1970-ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம் 1990-இல் திருத்தப்பெற்று, மாசு மிகுந்த நகரங்களின் பொறுப்புகள் கடுமையாக்கப்பட்டன. அதையடுத்து 1991-ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டம், நெரிசலைத் தணிக்கவும் காற்றைத் தூய்மைப்படுத்தவும் ஒரு தனி நிதியை ஏற்படுத்திற்று. 1992 முதல் 1997 வரையிலான ஆறு ஆண்டுகளுக்கு அதற்கென அனுமதிக்கப்பட்ட தொகை சுமார் 600 கோடி டாலர். அதில் ஒரு சிறு பகுதியை மக்கள் கல்விக்கும் செலவிட இடமிருந்தது. பொதுவாக, 100 டாலர் செலவாகும் திட்டத்திற்கு மத்திய அரசு 80 டாலர் அளிக்கும். மீதி 20 டாலரை அவ்வூராரே திரட்டல் வேண்டும்.

1990-களின் பிற்பகுதியில் மத்திய அரசின் நெடுஞ்சாலை இலாகா, பொதுப் போக்குவரத்து இலாகா, சுற்றுச்சூழல் பாதுகாப்பு இலாகா ஆகிய மூன்றும் ஒன்றுகூடி ஒரு பிரசாரத் திட்டத்தை வகுத்தன. "எல்லாம் சேர்ந்தால் தூய காற்று" என்பது அதன் பெயரின் கருத்து. டோவர், மில்வாக்கி, சான்பிரான்சிஸ்கோ ஆகிய மூன்று நகரங்களில் முதலில் அதைச் சோதித்துப் பார்த்தனர். வானொலி, தொலைக்காட்சி, பத்திரிகை விளம்பரங்களை மையத்தில் ஒருமுறை தயாரித்துவிட்டு, அவற்றை ஊர்தோறும் அளிப்பதே அத்திட்டத்தின் சிறப்பு. அந்தந்த ஊரார் தம் பெயரைச் சேர்த்து அவற்றை வெளியிட்டுக் கொள்ளலாம்.

இதன் இலாபத்தை ஒரு கற்பனைக் கணக்கினால் விளக்குவோம். பத்து இலாகாக்கள் தலைக்கு 10,000 டாலர் வைத்திருப்பதாகக் கொள்வோம். ஒரு விளம்பரப் படம் எடுக்க 8,000 டாலர் ஆகுமெனின், தனித்தனியே எடுத்தால் படத்திற்கே 80,000 போய்விடும். மக்கள் முன் அதைக் காட்டுவதற்கு 20,000 மட்டுமே எஞ்சும். ஒன்றாக எடுத்தால் படத்திற்கு 8,000 போக 92,000 டாலர் எஞ்சும். அதே பணம் நான்கரை மடங்குக்கு மேல் பேசும்.

3. வாஷிங்டன் வட்டாரத்தின் ஏற்பாடு

அவ்வட்டாரத்து உள்ளாட்சிகள் 1957 முதற்கொண்டே ஒரு பொது மன்றமாகக் கூடி வந்தன. வேலைக்குச் செல்வோர் வண்டியைப் பகிர்ந்து கொள்ள உதவும் சேவையை அம்மன்றம் 1974-இல் தொடங்கிற்று. 1997-இல் வாஷிங்டன், பால்டிமோர் வட்டாரங்களுக்கென அரசும் தனியாரும் இணைந்த தூய காற்றுக் கூட்டமைப்பு ஒன்று தோன்றிற்று. இப்பணிகளுக்கு மேரிலாந்து, வர்ஜீனியா, தலைநகர்ப் பகுதி ஆகிய மூன்றின் போக்குவரத்து இலாகாக்களும் பொருளுதவி செய்தன.

அங்கு மக்களுக்குக் கூறப்பட்ட செய்தியும் எளியது. காற்றின் நிலை நாள்தோறும் நிறத்தால் அறிவிக்கப்படும்: குறியீட்டெண் 50 வரை பச்சை, 51 முதல் 100 வரை மஞ்சள், 101 முதல் 150 வரை ஆரஞ்சு, 151 முதல் 200 வரை சிவப்பு. ஆரஞ்சும் சிவப்பும் காணும் நாளில் பஸ்ஸிலோ இரயிலிலோ செல்லுங்கள். வண்டியைப் பகிர்ந்து கொள்ளுங்கள். பெட்ரோலை மாலைக்குப் பின் நிரப்புங்கள் என்றனர். பல வேலைகளை ஒரே பயணத்தில் முடிக்குமாறும் கூறினர். எஞ்சின் சூடேறுமுன் புகையைச் சுத்திகரிக்கும் சாதனம் செவ்வனே வேலை செய்வதில்லை. எனவே ஆறிய எஞ்சினைப் பலமுறை கிளப்புவதைத் தவிர்த்தால் மாசு குறையும்.

இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. "வண்டியை வீட்டில் விட்டுவா" என்றால், "நடுப்பகலில் குழந்தைக்கு நோய் என்றால் எப்படித் திரும்புவேன்?" என்று தாய் கேட்பாள். இக்கேள்விக்கு விடையாக, வழக்கமாக வண்டியைப் பகிர்வோருக்கும் பஸ்ஸில் வருவோருக்கும் அவசர வேளையில் இலவசமாக வீடு திரும்ப வசதி செய்யும் ஏற்பாடு 1997-இல் ஏற்பட்டது. உபதேசத்தோடு வசதியும் சேர்ந்தபோதுதான் அது மக்கள் செவியில் ஏறும்.

4. பலனை அளத்தல்

பிரசாரத்தின் பலனைக் கண்டறிவது கடினம். எத்தனை பேர் விளம்பரத்தைக் கேட்டனர், எத்தனை பேர் நினைவில் வைத்தனர், எத்தனை பேர் பழக்கத்தை மாற்றினர் என்பன மூன்று வெவ்வேறு கேள்விகள். முதல் எண்ணைக் காட்டி மூன்றாவதைச் சாதித்ததாகக் கூறல் தகாது. வாஷிங்டன் வட்டாரத்தில் 2001 தொடங்கி மூன்றாண்டுக்கு ஒருமுறை, வேலைக்குச் செல்வோரின் பயண முறையை விரிவாக விசாரித்து அறிக்கை வெளியிட்டு வந்தனர்.

1991-ஆம் ஆண்டுச் சட்டத்தின் தனி நிதி முழுவதையும் மதிப்பிட்ட அறிஞர் குழுவொன்று 2002-இல் அறிக்கை அளித்தது. அந்நிதி செலவுக்கேற்ற பலனைத் தந்ததா என்பதை நாடு முழுவதற்குமாக நம்பத்தகுந்த முறையில் கணக்கிட்டுக் கூற இயலாது என்று அக்குழு ஒளிவின்றி எழுதிற்று. காற்று பின்னர் சீர்பட்டதற்குப் பெருங்காரணம் வண்டிகள், எரிபொருள், மின் நிலையங்கள் மீது விதித்த கட்டுப்பாடுகளே. பிரசாரம் அவற்றுக்குத் துணையாக நின்றது. அத்துணைக்கு உரியதைவிட அதிகப் புகழைக் கோரினால், பங்கு செலுத்துவோரின் நம்பிக்கை ஒருநாள் உடையும்.

5. நாம் கொள்ள வேண்டியவை

பொது நிதி நிலைக்க நான்கு நியதிகள் வேண்டும் என்பது எம் முடிபு. பங்கின் அளவு முன்கூட்டியே எழுத்தில் இருத்தல் வேண்டும். சிறிய ஸ்தாபனத்தின் மேல் பெரியதன் சுமை விழலாகாது. கணக்கு ஓரிடத்தில் இருந்து, எல்லோர் பார்வைக்கும் திறந்திருத்தல் வேண்டும். பொதுச் செய்தி ஒன்றாக இருப்பினும், பங்கு செலுத்திய ஒவ்வொருவர் பெயரும் அதில் விளங்குதல் வேண்டும். தம் அங்கத்தினர்க்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டியவர்கள் அல்லவா? இறுதியாக, பலனைக் கூட்டாமலும் குறைக்காமலும் அறிவித்தல் வேண்டும்.

ஊர் கூடித்தான் தேர் இழுக்க முடியும். வடம் பிடித்தவர் யார், நின்று பார்த்தவர் யார் என்பதும் ஊருக்குத் தெரிந்திருந்தால், அடுத்த ஆண்டும் தேர் ஓடும்.

கலந்து பேசுவதற்கு வினாக்கள்

(அ) பங்கு செலுத்தாதவருக்கும் பயன் போய்ச் சேரும் பொதுக் காரியங்கள் நம் ஊரில் எவை?

(ஆ) அவற்றுக்கான பங்கைத் தலைக்கட்டுக்கு இவ்வளவு என வகுப்பதா, வருமானத்திற்கு ஏற்ப வகுப்பதா?

(இ) சென்ற ஆண்டு நம் சங்கம் பிரசாரத்திற்குச் செலவிட்ட தொகையின் பலனை எவ்வாறு அளப்பது?