லினக்ஸுக்கு வைஃபை டிரைவர் வந்த வரலாறு

கேள்வி: பள்ளியில் அரசு கொடுத்த மடிக்கணினியில் டெபியன் 11 போட்டேன். எல்லாம் நன்றாக இருக்கிறது. வைஃபை மட்டும் தெரியவில்லை. இந்த வயர்லெஸ் டிரைவர்கள் எங்கிருந்து வந்தன? லினக்ஸில் மட்டும் ஏன் இந்தத் தொல்லை?
- ஒரு வாசகர், செம்மேடு, கொல்லிமலை

பதில்: இயங்குதளத்தின் மையமான கர்னலுக்கும், வானொலி அலைகளைக் கையாளும் சில்லுக்கும் இடையே துபாஷியாக நின்று, ஒன்றன் பாஷையை மற்றொன்றுக்கு எடுத்துரைப்பதே டிரைவரின் காரியம். 1991ஆம் ஆண்டில் ஹெல்சிங்கி நகரத்து மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கர்னலை வெளியிட்டபோது, வைஃபைக்கு ஆதாரமான 802.11 விதிகளே பிறக்கவில்லை. அவை 1997இல்தான் வந்தன. ஆயினும் வேவ்லான் முதலிய அட்டைகள் அதற்கு முன்பே புழக்கத்தில் இருந்தமையால், எந்த நிறுவனத்தின் அட்டையாயினும் ஒரே வகைக் கட்டளைகளால் இயக்குவதற்கான பொதுமுறையொன்றை, ழான் டூரில் என்பவர் 1996ஆம் ஆண்டளவில் வகுக்கத் தொடங்கினார்.

தொல்லையின் மூலம் வேறு. சில்லுகளைச் செய்த நிறுவனங்களில் பல, விண்டோஸுக்கு மாத்திரம் டிரைவரைத் தந்து, சில்லின் உள்விவரங்களை இரகசியமாக வைத்துக்கொண்டன. விண்டோஸ் டிரைவரையே லினக்ஸினுள் ஓடச்செய்யும் என்டிஸ்ராப்பர் என்னும் உபாயம் சிலகாலம் கைகொடுத்தது. பிராட்காம் சில்லுகளின் விஷயத்திலோ, தன்னார்வலர்களில் ஒரு சாரார் அந்நிறுவனத்தின் டிரைவரைப் பிரித்து ஆராய்ந்து, சில்லு நடந்துகொள்ளும் விதத்தை மாத்திரம் குறித்துவைக்க, மறுசாரார் அந்த டிரைவரைக் கண்ணாலும் பாராமல், குறிப்புகளை மட்டுமே ஆதாரமாகக் கொண்டு, பதிப்புரிமைக்குப் பங்கமின்றிப் புதியதொன்றை எழுதி, 2006இல் வெளிவந்த 2.6.17 கர்னலில் சேர்ப்பித்தார்கள். பொறுமையிலும் நேர்மையிலும் அதற்கு நிகரான பணி கணினித் துறையில் அரிது என்பது எமது துணிபு. 2010 செப்டம்பரில் பிராட்காமே தன் புதிய சில்லுகள் சிலவற்றுக்கான டிரைவரை மூலநிரலோடு வெளியிட்டது.

டிரைவர் கிடைத்த பின்னும் ஒரு தடை நின்றது. பல சில்லுகள் தமக்குள்ளேயே ஒரு சிறு செயலியைக் கொண்டவை. கணினி விழிக்குந்தோறும் ஃபர்ம்வேர் என்னும் கோப்பை அவற்றில் ஏற்றியாக வேண்டும். அதன் மூலநிரல் வெளியிடப்படாதது ஆகையால், சுதந்திர மென்பொருள் என்னும் கொள்கையில் உறுதிகொண்ட டெபியன், 2023 ஜூனில் வந்த 12ஆம் பதிப்புக்கு முன்புவரை, தன் அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் அதைச் சேர்க்கவில்லை. தங்கள் தொல்லைக்கும் பெரும்பாலும் இதுவே காரணமாதல் வேண்டும்.

முதலில் ஆர்எஃப்கில் கட்டளையால், வைஃபை பூட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு எல்எஸ்பிசிஐ கட்டளையால் சில்லின் பெயரையும், டிமெஸ்ஜி கட்டளையால் எந்த ஃபர்ம்வேர் கிடைக்கவில்லை என்பதையும் அறியலாம். அதைத் தரவிறக்க இணையம் வேண்டுமே, அந்த இணையத்துக்கே வைஃபை வேண்டுமே என்று மயங்க வேண்டாம்: கைப்பேசியை யுஎஸ்பி கேபிளால் இணைத்து டெதரிங்கை இயக்கினால், வயர்லெஸ் டிரைவரின் உதவியின்றியே இணையம் வந்துவிடும். மலையில் சிக்னல் மெலிந்த இடமானாலும், கோப்பு சிறிதாகையால் அதுவே போதும். டெபியன் களஞ்சியப் பட்டியலில் நான்-ஃப்ரீ பகுதியைச் சேர்த்து, ரியல்டெக், இன்டெல், ஆதிராஸ் என்று தங்கள் சில்லுக்குரிய ஃபர்ம்வேர் தொகுப்பை நிறுவி, கணினியை மறுபடி இயக்குங்கள். அப்படியும் இசையாவிட்டால், அம்மூன்று கட்டளைகளும் தந்த விடைகளை ஒரு வரியும் விடாமல் எமக்கு எழுதியனுப்புங்கள்.