பாலேட் பலகையில் ஒரு பெஞ்சு

தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலுக்கு நாற்காலி வாடகை மிச்சமாகட்டும் என்று பாலேட் பலகையில் ஒரு பெஞ்சு செய்தேன். தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் ஒரு பாட்டி வந்து உட்கார்ந்தார். நடுப்பலகை 'டப்'பென்று ஒடிந்தது. நல்லவேளை, அடி எதுவும் படவில்லை. "பரவால்ல தம்பி"ன்னு சொல்லி எழுந்து போய்விட்டார். பொறியியல் படிக்கிற எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அந்தத் தப்பிலிருந்து கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பினாங்கில் பாலேட்டுக்குப் பஞ்சமில்லை. 1972இல் தொடங்கிய பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை இருக்கிறது, அக்கரையில் பிறை இருக்கிறது. ஆனால் கேட்காமல் எடுக்காதீர்கள். நீலச் சாயம் பூசியவை பெரும்பாலும் வாடகைக்கு விடும் கம்பெனியின் சொத்து. யோக வகுப்பில் 'அஸ்தேயம்' படித்தோமே, அது இங்கேயும்தான்.

அடுத்து முத்திரையைப் பாருங்கள். நாடு விட்டு நாடு போகும் பாலேட்டில் கோதுமைக் கதிர் படமும் நாட்டின் குறியீடும் இருக்கும். 'எச்.டி.' என்றால் மரத்தின் நடுப்பகுதிவரை 56 பாகை செல்சியஸ் சூடு 30 நிமிடம் ஏற்றியது; எடுக்கலாம். 'எம்.பி.' என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்டது, வேண்டாம். எண்ணெய்க் கறையோ மருந்து வாடையோ இருந்தால் முத்திரை எதுவானாலும் விட்டுவிடுங்கள். பிரசாதம் வைக்க எந்த பாலேட் பலகையும் வேண்டாம்.

சூடேற்றிய மரம் மழையைத் தாங்கும் என்று நினைத்ததும் என் தப்பு. அந்தச் சூடு அப்போது உள்ளே இருக்கும் பூச்சியைக் கொல்லும், அவ்வளவுதான். நம் நாட்டு பாலேட்டுகளில் ரப்பர் மரமும் உண்டு. நம் தாத்தா பாட்டிமார் பால் வெட்டிய அதே மரம்தான். பால் குறைந்து வெட்டிய பிறகு பலகையாகிறது. வீட்டுக்குள் அருமையான மரம். ஆனால் மாவுச்சத்து அதிகம். வெளியே வைத்தால் பூஞ்சையும் கரையானும் விடாது. அதைக் கூரைக்குக் கீழேதான் வைக்க வேண்டும்.

பிரிப்பதுதான் பெரிய வேலை. பாலேட் ஆணி முறுக்காணி. நெம்பினால் பலகை பிளக்கும். பலகைக்கும் கட்டைக்கும் நடுவே இரும்பறுக்கும் ரம்பத்தை விட்டு ஆணியை அறுத்துவிடுங்கள். தலை பலகையிலேயே இருக்கட்டும். இழைக்கும்போது அதில் படாமல் பாருங்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது பாட்டி உட்கார்ந்த பலகைக்கு வருவோம். அதன் தடிப்பு 16 மில்லிமீட்டர். இரண்டு கால்களுக்கு நடுவே 90 சென்டிமீட்டர் வெற்றிடம். நடுவில் ஒரு தாங்குகட்டை வைத்து அதை 45 ஆக்கியிருந்தால், அதே எடைக்குப் பலகைக்குள் ஏறும் அழுத்தம் பாதியாகும். வளைவு எட்டில் ஒரு பங்காகும். நீளத்தின் மும்மடிப்படி வளைவு கூடும் என்று தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியவன் நான்! போதாததற்கு அந்தப் பலகையின் நடுவில் ஒரு கணு வேறு இருந்தது. கணு உள்ளதை முதுகுச் சாய்வுக்கு வைத்துக்கொள்ளுங்கள், உட்காரும் இடத்தில் கூடாது.

திருகாணி துருப்பிடிக்காததாக இருக்கட்டும். முதலில் துளை போட்டுவிட்டு முடுக்குங்கள். பலகையின் வெட்டுமுனையில் முடுக்கினால் பிடிக்காது. பலகைகளுக்கு நடுவே 5 மில்லிமீட்டர் இடைவெளி விட்டால் மழைத்தண்ணீர் வடியும். வெட்டுமுனைகளுக்கு வெளிப்புற வார்னிஷ் இரண்டு கை கூடுதலாகப் பூசுங்கள், அங்கேதான் தண்ணீர் ஏறும். கால்களை மண்ணில் வைக்காமல் செங்கல்மேல் வையுங்கள்.

புதுப் பெஞ்சில் முதலில் நாங்கள் நான்கு பையன்கள் ஏறி நின்று பார்த்தோம். பிறகுதான் பந்தலுக்குக் கொண்டுபோனோம். அதே பாட்டி இந்த வருடமும் வந்தார். பலகையைக் கையால் இரண்டு தடவை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.